சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாத ஊர்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கண்ணாடி நன்றாக நினைவிருக்கும். தடித்த வில்லை, மூக்கை அழுத்தும் சட்டம், காதில் நிற்காது என்பதால் பின்னந்தலையில் கட்டிய கறுப்பு நூல். கண்புரை எடுத்துவிட்டு வந்த பெரியவர்களின் முகத்தில் அது இருக்கும். அதைப் போட்டால் எல்லாமே கால் பங்கு பெரிதாகத் தெரியும், பக்கப் பார்வை இருக்காது. டம்ளருக்கு நீட்டிய கை டம்ளரைத் தொடாமல் நின்றுவிடும். வாசற்படியில் காலைத் தடவித் தடவி வைப்பார்கள். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆனவருக்கு இரண்டு கண்ணும் காட்டும் உருவங்கள் ஒன்று சேராது. கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ பழைய இருட்டுதான்.

அன்றைய அறுவை முறை அப்படி. கண்ணின் இயற்கை வில்லையை உறையோடு முழுசாக எடுத்துவிடுவார்கள். அந்த இடம் காலியாகவே கிடக்கும். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, வகுப்பறையையே ஆபரேஷன் தியேட்டர் ஆக்கி முகாம் நடந்த காலம் அது. கண்ணில் கட்டுப் போட்டவர்கள் தலையை அசைக்காமல் நாள்கணக்கில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். ஊர்க்காரர்கள் சோறு பொங்கிப் போடுவார்கள். “இருக்கப்போறது இன்னும் நாலு வருசம், எனக்கெதுக்குப்பா ஆப்பரேசன்” என்று வராமலே இருந்துவிட்டவர்கள் அதைவிட அதிகம். கண் தெரியாமல் போவதை நரைபோல வயசோடு வருவதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த முகாம்களை அறுபதுகளிலிருந்தே நடத்தி வந்தவர் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிய பிறகும் அறுவைக் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டவர். 1976-இல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், உடன்பிறந்தவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். காசு கட்டுபவரின் கட்டணத்தில் கட்ட முடியாதவருக்கும் வைத்தியம் என்பது இந்த மருத்துவமனையின் கணக்கு. யார் கட்டுவது, யார் கட்டாமல் போவது என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. தருமத்தை நம்பாமல் வரவு செலவை நம்பியதால்தான் இந்த ஏற்பாடு இன்றுவரை நிற்கிறது என்று நினைக்கிறேன்.

தடித்த கண்ணாடியை ஒழித்தது கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை சுமார் 100 டாலர். ஏழை நாடுகளுக்கு இது கட்டுபடியாகாது, கண்ணாடியே போதும் என்று வாதிட்ட நிபுணர்களும் உண்டு. நினைத்தால் இன்றும் வலிக்கிறது. பணக்காரருக்கு முழுப் பார்வை, ஏழைக்குக் கால்வாசிப் பார்வை என்பதை எப்படி ஒரு மருத்துவர் ஒப்புக்கொள்ள முடியும்? 1992-இல் மதுரையிலேயே லென்ஸ் செய்ய அரவிந்தின் ஆரோலேப் தொழிற்கூடம் தொடங்கியது. ஒரு லென்ஸ் 10 டாலர் அளவுக்கு இறங்கி, பிறகு இன்னும் குறைந்தது. இன்று அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. தையல் போடாமல் சிறு வெட்டு வழியே புரையை எடுக்கும் முறையும் சேர்ந்துகொள்ள, சில நிமிடங்களில் ஆபரேஷன் முடிந்துவிடுகிறது.

அந்த வேகத்தில் பெரும்பங்கு கிராமத்துப் பெண்களுடையது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களைச் சுற்றுவட்டாரத்திலிருந்தே எடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி தருகிறார்கள். தியேட்டரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் மருத்துவர் புரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் அடுத்தவரைத் துடைத்து, துணி போர்த்தி, கருவிகளை அடுக்கித் தயாராக வைத்திருப்பார்கள். மருத்துவர் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். இப்படித்தான் ஒரே மருத்துவரால் ஆண்டுக்கு 2,000 அறுவைகளைத் தாண்ட முடிகிறது. விருதுகளும் மேலாண்மைப் பாடங்களும் நிறுவனத்தைப் புகழ்ந்த அளவுக்கு இந்தப் பெண்களைப் பேசவில்லை.

ஆனால் என் கண்ணில் லென்ஸைவிடப் பெரிய மாற்றம் வேறு. தொண்ணூறுகளில் தென்தமிழகக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு, கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று கண்டது. எத்தனை ஆண்டு உழைப்பு, எத்தனை பேருந்து, எத்தனை தண்டோரா! பாட்டியை அழைத்துவர மகனுக்கு ஒரு நாள் கூலி போகும். முகாம் நாளில் அறுப்பு இருக்கும். தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். அந்த உண்மையை மூடி மறைக்காமல், 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தார்கள். சுமார் 50,000 பேருக்கு ஒரு மையம். இன்று அவை நூறைத் தாண்டிவிட்டன.

கடைத்தெருவில் ஓர் அறை, அவ்வளவுதான். “பாட்டி, தாடையை இதுல வைங்க, நெத்தியை ஒட்டிக்குங்க” என்று பயிற்சி பெற்ற பெண் விளக்கு நுண்ணோக்கியில் கண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். பிறகு கணினித் திரையில் மருத்துவர் வந்து நோயாளியோடு நேரில் பேசுவதுபோலவே பேசுவார். தேனிப் பக்கம் இதைத் தொடங்கியபோது இணைய வசதி சரியில்லாததால், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் உதவியோடு நெடுந்தூர வைஃபை இணைப்பு அமைத்தார்கள். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி அங்கேயே கிடைத்துவிடும். ஆபரேஷன் தேவைப்பட்டால் மட்டும் ஊர்விட்டுப் போனால் போதும். சந்தைக்கு வந்த கையோடு கண்ணையும் காட்டிவிட்டுப் போகலாம்.

இப்போது வந்திருக்கும் கவலை சர்க்கரை. கண்புரை பொறுத்திருக்கும், ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். சர்க்கரையால் விழித்திரை கெட்டால் அப்படியில்லை. பார்வை மங்குவதற்குள்ளேயே உள்ளே ரத்தக் கசிவு தொடங்கியிருக்கும், இழந்ததை மீட்பது கடினம். விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைக் கண்டறியும் கூகுளின் செயற்கை நுண்ணறிவை மதுரையில் 2019 முதலே பயன்படுத்துகிறார்கள். படம் எடுக்கச் சில நிமிடம் போதும். “எனக்குப் பார்வை நல்லாத்தானே இருக்கு” என்று மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் நாற்பத்தைந்து வயதுக்காரரை ஆண்டுக்கொரு தடவை அந்த நாற்காலியில் உட்கார வைப்பதுதான் பாடு. குருட்டுப் பாட்டியைத் தேடிப் போனவர்கள் இனி நன்றாகக் கண் தெரிகிறவரையும் தேடிப் போக வேண்டும். சர்க்கரை மாத்திரை எழுதித் தரும் ஒவ்வொரு மருத்துவரும், மாத்திரைச் சீட்டிலேயே விழித்திரைப் பரிசோதனையையும் ஒரு வரி எழுதினால் அந்தத் தேடலில் பாதி வேலை குறையும்.