தூரம் குறைந்தது, தாமதம் குறைந்ததா?

"சோறு இறங்குதில்லை, தண்ணியோட விழுங்கினால்தான் போகுது." உணவுக்குழாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தன்னை அறிவிக்கும். யாழ்ப்பாணத்தில் அரை நூற்றாண்டுக்கு முந்திய தென்மராட்சிக்கும் இன்றைய தென்மராட்சிக்கும் இந்த அறிகுறியில் வேறுபாடில்லை. அதற்குப் பிறகு நோயாளி போகவேண்டிய வழிதான் மாறியிருக்கிறது.

காரணம் அன்றே ஓரளவு தெரிந்திருந்தது: புகையிலை சேர்த்துப் போடும் வெற்றிலை. யாழ்ப்பாணப் புகையிலை நெடுங்காலம் கப்பலேறித் திருவிதாங்கூருக்குப் போனது. அந்தத் திருவிதாங்கூரில், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த 'ஓர்' என்னும் பெயருடைய மருத்துவர், வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றுநோய் பற்றி 1933இல் 'லான்செட்' இதழில் எழுதினார். இலங்கையிலே எஸ். ஜே. ஸ்டீபனும் சி. ஜி. உரகொடவும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் வெற்றிலைப் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, 1970இல் பிரித்தானியப் புற்றுநோய் ஆய்விதழில் வெளியிட்டார்கள். புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கூட்டு புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் அறிவித்தது. புகையிலையே சேராவிட்டாலும் பாக்கு மட்டும் போதும் என்று அதே முகவரகம் 2004இல் உறுதிசெய்தது. நம் வீட்டு வெற்றிலைத் தட்டத்தைப் பற்றிய உண்மை இப்படி ஆய்விதழ்களில் அச்சாகிக்கொண்டிருந்த காலத்தில், தென்மராட்சியின் நகரான சாவகச்சேரியின் நோயாளிக்குச் சிகிச்சை பெரும்பாலும் எட்டாத தூரத்தில் இருந்தது.

அந்தத் தூரத்தைக் கிலோமீற்றரில் மட்டும் அளக்க முடியாது. புற்றுநோய்க்கென்று நாட்டிலிருந்த பெரிய ஆஸ்பத்திரி கொழும்புக்கு அப்பால் மகரகமவில். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கதிர்வீச்சுச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதல்ல. வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரம் தொடர்ந்து போகவேண்டும். மொழி தெரியாத ஊரில் தங்குமிடம், துணைக்கு ஓர் ஆள், அந்த ஆளின் தொழில் இழப்பு எல்லாம் சேர்ந்தே சிகிச்சையின் விலை. 1990இல் போரால் ரயில் நின்றது, ஆனையிறவுப் பாதையும் மூடப்பட்டது. தெற்கே போகிறவர்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தார்கள். 1996க்குப் பின் இராணுவ அனுமதி பெற்றுத் திருகோணமலைக்குக் கப்பலேறினார்கள். 2000ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரி நகரமே இடிந்து, தென்மராட்சி மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். விழுங்க முடியாத ஒருவரிடம் "மகரகமவுக்குப் போங்கோ" என்று சொல்வது, அந்த ஆண்டுகளில் பாதி வைத்தியம்கூட அல்ல.

இன்று கதை வேறு. இலங்கையின் தென்முனைக்கும் பருத்தித்துறைக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 670 கிலோமீற்றரை 2011இல் ஒரு குழு நடந்தே கடந்து, 'ட்ரெயில்' என்ற பெயரில் நிதி திரட்டியது. அந்த நிதியில் எழுந்த புற்றுநோய் ஆஸ்பத்திரி 2013இல் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் திறக்கப்பட்டது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அடுத்து தண்டவாளம் காங்கேசன்துறை வரை நீண்டதில் சாவகச்சேரியும் தெல்லிப்பழையும் மறுபடி ஒரே பாதையின் நிலையங்களாயின. காலையில் புறப்பட்டுச் சிகிச்சை முடித்து, பின்னேரம் வீடு திரும்பலாம்.

இந்தச் சிறிய வசதி எவ்வளவு பெரியது என்பதை ஓர் ஆய்வு காட்டும். சத்திரசிகிச்சைக்கு முன்பே ஐந்து வாரம் மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நெதர்லாந்து மருத்துவர்கள் 366 நோயாளிகளிடம் பார்த்தார்கள். உணவுக்குழாயிலும் அது இரைப்பையோடு சேரும் இடத்திலும் புற்றுநோய் வந்தவர்கள் அவர்கள். 'குரொஸ்' எனப்படும் அந்த ஆய்வு 2012இல் வெளியானது. சத்திரசிகிச்சை மட்டும் செய்தவர்களின் இடைநிலை ஆயுள் 24 மாதம். அதற்கு முன் மருந்தும் கதிர்வீச்சும் பெற்றவர்களுக்கு அது 49 மாதம். ஆயுளை இரட்டிப்பாக்கிய இந்தக் கண்டுபிடிப்பின் உள்ளே 23 தடவை கதிர்வீச்சு இருக்கிறது. கிளாலிக் காலத்து நோயாளிக்கு அதை எழுதிக் கொடுத்திருந்தால் அது வெறும் துண்டுக் கடதாசி. தெல்லிப்பழைக்குப் போய்வரக்கூடியவருக்கு அது சிகிச்சை.

ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள், கட்டியை வெட்டி எடுக்கக்கூடிய கட்டத்தில் வந்தவர்கள். உணவுக்குழாய் இழுபடும் தன்மை உடையது. குழாயின் பெரும் பகுதி அடைபட்ட பிறகுதான் சோறு தடுக்கும். அதற்குப் பிறகும் நாம் காத்திருக்கிறோம். "வாய்வுதான்" என்று பார்மசியில் நெஞ்செரிவுக் குளிசை வாங்குகிறோம். சோற்றை விட்டுக் கஞ்சிக்கு மாறுகிறோம். கஞ்சியும் தடுத்தால் தேத்தண்ணிக்கு. கல்யாணம் பேசுகிற வீட்டில் வருத்தத்தின் பெயரையே சொல்லமாட்டோம். முன்பு வழியில் இருந்த தாமதம் இப்போது வீட்டுக்குள் குடியேறிவிட்டது. கட்டி பரவிய பின் வருகிறவருக்கும் செய்வதற்கு உண்டு: குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட், வயிற்றுக்கு நேரே உணவூட்டும் குழாய், வலிக்கு மோர்பின். அவை நோயாளி கொஞ்சம் சுகமாக இருக்க உதவும், நோயைத் தீர்க்காது.

குற்றம் முழுவதையும் வீட்டின்மேல் போடவும் முடியாது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கு நாடெங்கும் தட்டுப்பாடு வந்தது. சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் குறைகள் 2024 ஜூலையில் தெருப் போராட்டமாகவே வெடித்தன. முதல் கதவு சரியாகத் திறக்காவிட்டால், தெல்லிப்பழையில் எத்தனை கருவி இருந்தும் நோயாளி அங்கே பிந்தித்தான் போய்ச் சேருவார்.

வெற்றிலையை ஆராய்ந்த அன்றைய ஆய்வாளர்கள் 'ஏன் இந்த நோய் வருகிறது' என்று கேட்டார்கள். அதற்குப் பெருமளவு விடை கிடைத்துவிட்டது. இன்றைக்குக் கேட்கவேண்டியது, முதன்முதல் சோறு தடுத்த நாளுக்கும் முதல் எண்டோஸ்கோப்பிக்கும் இடையில் தென்மராட்சி நோயாளிக்கு எத்தனை வாரம் போகிறது, அது வீட்டிலா, பார்மசியிலா, ஆஸ்பத்திரி வரிசையிலா போகிறது என்பதுதான். இதை அறியப் புதிய கருவி எதுவும் வேண்டாம். கிளினிக் கொப்பியில் ஒரு கேள்வியைக் கூட்டினால் போதும். பதில் வரும்வரை காத்திராமல் நாம் செய்யக்கூடியதும் உண்டு: இரண்டு கிழமைக்கு மேல் சோறு தடுத்தாலோ, வாய்ப்புண் மூன்று கிழமையில் ஆறாவிட்டாலோ குளிசையை மாற்றிப் பார்க்காமல் வைத்தியரிடம் போவது.