ஒரே கடிதம், ஆளுக்கொரு முதல் வரி!

திருவண்ணாமலையில் என் சித்தப்பா ஆரணிப் பட்டுச் சேலை வியாபாரம் செய்கிறார். முன்பின் தெரியாத வெளியூர்க் கடைகளுக்கு அறிமுகக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றார்.

எக்ஸெலில் கடைப் பெயர், ஊர், குறிப்பு என மூன்று நெடுவரிசைகள் போட்டேன். முதல் வரியை மட்டும் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கி நான்காவதில் ஒட்டினேன். வேர்டில் மெயிலிங்ஸ், ஸ்டார்ட் மெயில் மெர்ஜ் சென்று இந்த ஃபைலை இணைத்து, இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்டு மூலம் கடிதத்தில் வேண்டிய இடங்களில் சேர்த்தால் போதும். கடைக்குக் கடை விவரம் தானாக மாறிவிடும்.

ப்ரிவ்யூ ரிசல்ட்ஸ் க்ளிக் செய்ததும் திடுக்கிட்டேன். "தீபாவளிக்கு உங்கள் கடைக்கு வந்திருந்தேன்" என்றது ஒரு கடிதம். சித்தப்பா அந்த ஊர்ப் பக்கமே போனதில்லை! பொய்யோடு வருபவரிடம் யார் சேலை வாங்குவார்?

"குறிப்பில் இல்லாத எதையும் சேர்க்காதே, குறிப்பு இல்லையென்றால் வணக்கம் மட்டும்" என்று மறுபடி கேட்டேன். ஓரளவு சரியானது. மிச்சத்தைச் சித்தப்பா பேனாவால் அடித்தார்.