இயந்திரம் நின்றாலும் கப்பல் நிற்பதில்லை

முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்துக்குள் நுழையும் பைபர் வள்ளம், இயந்திரத்தை அணைத்ததும் சற்றுத் தூரம் நழுவி ஓய்ந்துவிடும். தள்ளுவது நின்றால் ஓட்டமும் தானே தீர்ந்துவிடும் என்றுதான் பார்க்கிறவருக்குத் தோன்றும். அரிஸ்டோட்டில் காலம் முதல் அறிஞர் பலரும் அப்படியே நம்பினார்கள். கலிலியோவும், 1687இல் நியூட்டனும் அதை மாற்றினார்கள். ஓட்டம் தானாகத் தீராது, வேறொன்று அதைப் பறிக்க வேண்டும். இந்த இயல்பே சடத்துவம். திணிவு கூடினால் அதுவும் கூடும். வள்ளத்தின் ஓட்டத்தைப் பறிப்பது நீர். பறிபோன ஓட்டம் எங்கும் மறைந்துவிடுவதில்லை, வள்ளத்தின் பின்னே அலையாகவும் சுழியாகவும் நீரிலேயே இருக்கிறது. பக்கத்தில் களனி கங்கையும் தன் ஓட்டத்தைக் கடல்நீருக்குக் கொடுத்துத் தளர்கிறது. அதனால்தான் சுமந்துவந்த மணலைக் கழிமுகத்தில் இறக்கிவிடுகிறது.

அப்படியானால், பெரிய கப்பலில் அதிக நீர் உராய்வதால் அது விரைவாகவே நிற்க வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே வடிவில் நீளம் 10 மடங்கானால் நீரைத் தொடும் பரப்பு 100 மடங்காகும், திணிவோ 1,000 மடங்காகும். தடையைவிடச் சடத்துவம் வெகுவாக முந்திவிடுகிறது. 2024 மார்ச் 26 அதிகாலை, பால்டிமோரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட, ஏறக்குறைய 300 மீற்றர் நீளமான 'டாலி' கப்பலில் மின்சாரம் அறுந்து பிரதான இயந்திரம் நின்றது. நங்கூரமும் இறக்கினார்கள். ஏறக்குறைய 4 நிமிடங்களில் வேகம் மணிக்கு 9 கடல்மைலிலிருந்து 6.5 அளவுக்கே குறைந்தது. கப்பல் மோதி, வழியிலிருந்த பாலம் இடிந்தது. அதில் வீதி திருத்திக்கொண்டிருந்த 6 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கவனக்குறைவைப் பற்றி எவ்வளவு பேசினாலும், அந்தக் கடைசி நிமிடங்களில் மாலுமிகளுக்கு எதிராக நின்றது இந்தக் கணக்குத்தான்.

வேகத்தைக் குறைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்பதும் பாதி உண்மையே. வேகம் பாதியானால் நீரின் தடை ஏறக்குறைய காற்பங்காகிவிடும். ஆகவே மிஞ்சிய சிறு வேகத்தை நீர் மெல்லத்தான் பறிக்கும். கொழும்புத் துறைமுகத்துக்குள் பெருங்கப்பல்களை இழுவைப் படகுகள் பிடித்துக்கொள்வது இதனால்தான். 2 இலட்சம் தொன் திணிவுள்ள கப்பல் வினாடிக்கு 1 மீற்றர் என நடைவேகத்தில் நகர்ந்தாலும், 60 தொன் இழுவிசையுள்ள ஒரு படகு தனியே அதை நிறுத்த ஐந்தரை நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் கப்பல் ஏறக்குறைய 170 மீற்றர் முன்னேறியிருக்கும்.