முப்பது மணி நேரக் கம்யூனிசம்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1961-இல் ஒரு சட்டம் வந்தது. அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ‘அமெரிக்கனிசம் எதிர் கம்யூனிசம்’ என்ற பாடத்தைக் குறைந்தது 30 மணி நேரம் நடத்தியாக வேண்டும். அமெரிக்க ஆட்சிமுறையைவிடக் கம்யூனிசம் மேல் என்று ஆசிரியரும் சொல்லக்கூடாது, பாடநூலும் சொல்லக்கூடாது. பரீட்சைக்கு முன்னாடியே விடை தயார்!

காலத்தையும் பாருங்க. அந்த ஏப்ரலில்தான் பன்றிகள் விரிகுடாத் தாக்குதல் தோற்றது. மயாமியில் கியூப அகதிகள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். பயம் நிஜம்தான்.

1932-33 உக்ரைன் பஞ்சம், மாவோ காலத்துப் பட்டினிச் சாவுகள் எல்லாம் மாணவர்களுக்குக் கட்டாயம் தெரியணும். அதில் எனக்கு மறுப்பில்லை. தலைப்பில் இருக்கும் ‘எதிர்’தான் உறுத்துகிறது. 1957-இல் கேரளத்தில் ஓட்டு வாங்கி ஆட்சிக்கு வந்தாரே இ.எம்.எஸ்., அவரை அந்தத் தலைப்பில் எந்தப் பக்கம் உட்கார வைப்பது?

சோவியத் ஒன்றியம் கலைந்த 1991-இலேயே அந்தச் சட்டத்தையும் நீக்கினார்கள். ஆனால் விஷயம் முடியவில்லை. 2022-இல் வந்த சட்டம் நவம்பர் 7-ஐக் கம்யூனிசத்தால் பாதிக்கப்பட்டோர் நாளாக்கி, 45 நிமிட வகுப்பையும் கட்டாயமாக்கியது. 2024-இல் இன்னொன்று: 2026-27 கல்வியாண்டிலிருந்து கம்யூனிச வரலாறு, வயதுக்குத் தக்கபடி. சீனக் கலாச்சாரப் புரட்சி, கியூபா எல்லாம் அதில் உண்டு.

பாட்டிஸ்டாவின் சர்வாதிகாரத்தை வெறுத்து முதலில் காஸ்ட்ரோவை ஆதரித்து, பிறகு அவரிடமிருந்தே தப்பி ஓடியவர்கள் மயாமியில் நிறைய. அவர்களுடைய பேரன் வகுப்பில் எழுந்து, “தாத்தா ஏன் முதல்ல அவரை நம்பினார்?” என்று கேட்டால், ஆசிரியர் பாட்டிஸ்டாவிலிருந்துதான் தொடங்கணும்.