கும்மிடிப்பூண்டினு சொன்னான்... முகாம்னு சொல்லல!

நந்தனம் சிக்னல் பக்கத்துல டீ குடிக்கிற உங்க கேங்கை ஒரு தடவை நல்லா பாருங்க. ஒருத்தன் மதுரை, ஒருத்தி நாகர்கோவில், இன்னொருத்தன் கும்மிடிப்பூண்டி. ஊர் தெரியும், பிடிச்ச ஹீரோ தெரியும். அதுக்கு மேல?

எங்க கேங்ல கும்மிடிப்பூண்டிக்காரன் ஒருத்தன் உண்டு. மூணாவது வருஷம் எல்லாரும் பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணினப்போ, 'எனக்குக் கிடைக்காதுடா, நான் இந்தியன் இல்ல'னு கூலா சொன்னான். அப்புறம்தான் முழுக் கதையும் வந்துச்சு. அவன் வீடு இருக்கிறது இலங்கைத் தமிழர் முகாம்ல. அப்பா, அம்மா ரெண்டு பேரும் 1990-ல குழந்தைகளா படகுல வந்தவங்க. இவன் பிறந்தது, படிச்சது எல்லாம் தமிழ்நாட்டுலதான்!

'இங்கேயே பிறந்தவனுக்கு என்ன பிரச்னை?'னு கேக்கறீங்களா? 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்தியாவுல பிறந்திருந்தா குடியுரிமை உண்டு. அதுக்கப்புறம்னா அப்பா, அம்மாவுல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். 2004 டிசம்பர்ல சட்டம் இன்னும் இறுகிடுச்சு. 2019-ல வந்த திருத்தம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்த சிலருக்குக் கதவைத் திறந்தது. அந்த லிஸ்ட்டுல இலங்கை இல்ல. 2021 கணக்குப்படி முகாம்கள்ல மட்டும் சுமார் 58 ஆயிரம் பேர். அந்த வருஷம்தான் தமிழக அரசு 'அகதிகள் முகாம்'ங்கிற பேரை 'மறுவாழ்வு முகாம்'னு மாத்துச்சு, உதவித்தொகையையும் கூட்டுச்சு. பேர் மாறினது நல்ல விஷயம். ஆனா ஓட்டு?

பல தரப்பட்ட ஃப்ரெண்ட்ஸ் இருந்தா மனசு விரியும்னு ஆல்போர்ட்ங்கிற உளவியலாளர் 1954-லயே எழுதிட்டார். 2009-ல வந்த ஓர் ஆய்வு இதுல ஒரு ட்விஸ்ட் வெச்சது. ஒத்துப்போற விஷயங்களை மட்டுமே பேசிப் பழகினா, கீழே இருக்கிற தரப்பு ஏற்றத்தாழ்வைக் கவனிக்கிறதே குறைஞ்சிடுதாம். எதிர்த்தரப்பு நியாயமா நடந்துக்கும்னு நம்பி ஏமாறவும் செய்யுதாம். சினிமா, கிரிக்கெட்னு அரட்டை அடிச்சா மட்டும் போதாது பாஸ்!

அதுக்காக இன்டர்வ்யூ மாதிரி கேள்வி கேட்டுக் குடையாதீங்க. 'உச்சு' கொட்டினா எங்க ஆளு எழுந்தே போயிடுவான். அரசுத் தேர்வு அறிவிப்பு வந்தா, இப்போ எங்க கேங்ல யாரா இருந்தாலும் முதல்ல படிக்கிறது வயசு வரம்பை இல்ல, குடியுரிமை பாராவைத்தான். முகாம்ல கணக்கெடுப்புனா அவன் கிளம்பிடுவான். அன்னிக்கு அவனோட லேப் ரெக்கார்டை எழுதறது எங்க டூட்டி (சார், இந்தப் பக்கத்தை மட்டும் படிக்காதீங்க, ப்ளீஸ்!).