அமெரிக்க-மெக்சிக்கோ எல்லை தாண்டிய சரக்குந்துப் போக்குவரத்து

அமெரிக்க-மெக்சிக்கோ எல்லை தாண்டிய சரக்குந்துப் போக்குவரத்து என்பது ஒரு நாட்டின் சரக்குந்துகள் மற்ற நாட்டினுள் சென்று சரக்கை இறக்குவதையும் ஏற்றுவதையும் குறிக்கும். 1994 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கக் கட்டற்ற வணிக உடன்படிக்கை (நாஃப்டா) இதற்கு வழி செய்தது. எனினும் அமெரிக்க ஓட்டுநர்களின் வேலை பறிபோகும் என்ற எதிர்ப்பினால், நிலையான அனுமதி 2015 இல்தான் கிடைத்தது.

எல்லையில் நடைமுறை

ஒரு சரக்குப்பெட்டி எல்லையைக் கடக்கப் பெரும்பாலும் மூன்று இழுவை வண்டிகள் தேவைப்படுகின்றன. மெக்சிக்கோவின் உட்பகுதியிலிருந்து வரும் வண்டி, நுவேவோ லாரெடோ போன்ற எல்லை நகரில் பெட்டியை விட்டுச் செல்லும். குறுந்தொலைவு வண்டி ஒன்று அதனைப் பாலத்தின் வழியே டெக்சாசு மாநிலத்தின் லாரெடோ நகருக்கு இழுத்து வரும். அங்கிருந்து அமெரிக்க வண்டி கொண்டு செல்லும். குறுந்தொலைவு வண்டிகளை ஓட்டுவோர் பெரும்பாலும் மெக்சிக்கர்கள். எல்லையை ஒட்டிய வணிக வலயத்தைத் தாண்டிச் செல்ல அவ்வண்டிகளுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. பல வண்டிகள் வெறுமையாகத் திரும்புவதால் செலவும் காத்திருப்பும் கூடுகின்றன. ஆயினும் லாரெடோவின் கிடங்குத் தொழிலாளருக்கும் சுங்க முகவர்களுக்கும் இச்சுற்றுவழியே பிழைப்பு.

பிணக்கு

உடன்படிக்கையின்படி எல்லை மாநிலங்கள் 1995 டிசம்பரிலும், நாடு முழுவதும் 2000 சனவரியிலும் திறக்கப்பட வேண்டும். கிளின்டன் அரசு பாதுகாப்பைக் காரணம் காட்டி இதனை நிறுத்தி வைத்தது. டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம், குறைந்த ஊதியம் பெறும் மெக்சிக்க ஓட்டுநர்களுடன் தம் உறுப்பினர் போட்டியிட இயலாது எனவும் வாதிட்டது. அமெரிக்கா உடன்படிக்கையை மீறியதாக 2001 பெப்ரவரியில் நடுவர் குழு தீர்ப்பளித்தது. 2007 இல் தொடங்கிய சோதனைத் திட்டத்திற்கு 2009 மார்ச்சில் அமெரிக்கக் காங்கிரசு நிதியை நிறுத்தியது. உடனே மெக்சிக்கோ, ஏறத்தாழ 240 கோடி டாலர் மதிப்புள்ள அமெரிக்கப் பொருட்களின் மீது பதிலடித் தீர்வை விதித்தது. உறைந்த உருளைக்கிழங்கிற்கு 20% தீர்வை விழுந்தது. சரக்குந்தோடு தொடர்பே இல்லாத வாசிங்டன் மாநில உழவர்கள் இவ்வாறு விலை கொடுத்தனர். 2011 இல் புதிய சோதனைத் திட்டம் தொடங்கியதும் தீர்வைகள் நீக்கப்பட்டன.

வேலைவாய்ப்பில் தாக்கம்

அஞ்சிய அளவிற்குப் போட்டி உருவாகவில்லை. 2014 இல் முடிந்த சோதனைத் திட்டத்தில் 15 மெக்சிக்க நிறுவனங்களே பங்கேற்றன. அமெரிக்காவின் இரு ஊர்களுக்கிடையே உள்நாட்டுச் சரக்கை ஏற்றிச் செல்ல மெக்சிக்க வண்டிகளுக்குத் தடை உள்ளது. அமெரிக்க ஓட்டுநர்களுக்கான பெரும் காப்பு இதுவே.

உண்மையில், அமெரிக்க ஓட்டுநர்களின் ஊதியச் சரிவு நாஃப்டாவிற்கு முன்பே தொடங்கியது. 1980 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கட்டணக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. புதிய நிறுவனங்கள் பெருகின. தொழிற்சங்கங்களின் பிடி தளர்ந்தது. பல நிறுவனங்கள் ஓட்டுநர்களை ஊழியராக வைக்காமல் சொந்த வண்டியுள்ள ஒப்பந்தக்காரர்களிடம் வேலையை விட்டன. டீசல், பழுது, காத்திருப்பு ஆகியவற்றின் சுமை ஓட்டுநர் தலையில் விழுந்தது. எல்லை விவாதத்தில் இது அரிதாகவே பேசப்பட்டது.

பின்னைய மாற்றங்கள்

2020 சூலை 1 அன்று நாஃப்டாவிற்கு மாற்றாக வந்த உடன்படிக்கை, அமெரிக்க நெடுந்தொலைவு நிறுவனங்களுக்கோ ஓட்டுநர்களுக்கோ கணிசமான பாதிப்பு நேர்ந்தால் மெக்சிக்க நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அமெரிக்காவிற்கு உரிமை அளித்தது. 2025 சூன் முதல் போதிய ஆங்கிலம் அறியாத ஓட்டுநர்கள் சோதனையின்போது பணியிலிருந்து நிறுத்தப்பட்டனர். எல்லை வணிக வலயத்தில் ஓட்டுவோருக்கு மட்டும் அந்நிறுத்தத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.