இரண்டு பந்துகளைச் சேர்க்கும் கோடு

கிளிநொச்சியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இரவில் நித்திரை குறைவு. 2009இல் காணாமல்போன மகனைத் தேடி, 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில் பல மாதங்கள் இருந்தவர். கடந்த முறை நான் போயிருந்தபோது, இருட்டில் கைபேசித் திரையில் விரலால் கோடு கீறிக்கொண்டிருந்தார். பேத்தி ஏற்றிக் கொடுத்த விளையாட்டு.

"ரெண்டும் சேர்ந்திட்டுது, பார் பிள்ளை" என்று காட்டினார். உடனே ஒரு விளம்பர வீடியோ ஓடத் தொடங்கியது. ரீலோட் போட்டு வாங்கும் டேட்டா கிழமை முடியும் முன்னரே தீர்ந்துவிடுகிறது என்பது அவருடைய முறைப்பாடு. ஏன் என்று அவருக்கு விளங்கப்படுத்தியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வகை விளையாட்டுகளில் பலருக்கும் தெரிந்தது 2018இல் வந்த 'லவ் பால்ஸ்'. நீலப் பந்து ஒன்று, இளஞ்சிவப்புப் பந்து ஒன்று. இரண்டும் காதலர்கள். நாம் ஒரு கோடு கீற வேண்டும். விரலை எடுத்ததும் கோடு கட்டையைப் போலக் கனத்துக் கீழே விழும். அது தட்டியோ தாங்கியோ பந்துகளை ஒன்றுடனொன்று முட்டச் செய்தால் வெற்றி. குறைந்த மையில் கீறினால் கூடுதல் நட்சத்திரம். ஒரு கட்டம் முடிய அரை நிமிடம்கூடத் தேவைப்படாது.

இதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. கண்ணாடிக்குக் கீழே மெல்லிய மின்புலம் இருக்கிறது. விரல் பட்ட இடத்தில் அது மாறுவதைக் கைபேசி ஒரு செக்கனுக்குள் பல தடவை அளந்து புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறது. புள்ளிகளை இணைத்தால் கோடு. பிறகு அந்தக் கோட்டுக்கு எடையும் வடிவமும் கொடுத்து, அது எங்கே விழும், எதில் மோதும் என்பதைக் கணிக்கிறது இயற்பியல் மென்பொருள். எரின் கட்டோ எழுதிய 'பாக்ஸ்2டி' இவ்வகையில் பெயர்பெற்றது. 'அங்ரி பேர்ட்ஸ்' அதைக்கொண்டே செய்யப்பட்டது. கீறியது பொருளாக மாறும் யோசனையும் புதிதல்ல. பின்லாந்தைச் சேர்ந்த பெத்ரி புர்ஹோவின் 'கிரேயன் பிசிக்ஸ் டீலக்ஸ்' 2009இலேயே அதைச் செய்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: இந்தக் கணக்கு முழுவதும் கைபேசிக்குள்ளேயே நடக்கிறது. கோடு கீற இணையம் தேவையில்லை. இணையம் தேவைப்படுவது விளம்பரத்துக்கு.

விளையாட்டு இலவசம் என்பதால் வருமானம் வேறு வழியில் வரவேண்டும். 'லவ் பால்ஸ்' விளையாட்டை வெளியிட்ட லயன் ஸ்டூடியோஸை 2018இல் தொடங்கியது அப்லவின் என்ற அமெரிக்க நிறுவனம். அதன் தொழிலே கைபேசி விளம்பரம். கட்டங்கள் குறுகியதாக இருந்தால் இடைவெளிகள் கூடும், இடைவெளிகள் கூடினால் விளம்பரங்களும் கூடும். ஒவ்வொரு வீடியோவும் நம்முடைய டேட்டாவில்தான் இறங்குகிறது.

"அப்ப டேட்டாவை நிப்பாட்டிப்போட்டு விளையாடுங்கோ பெரியம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நிப்பாட்டினா வட்ஸ்அப்பிலை ஆரும் எடுத்தாத் தெரியாது பிள்ளை."

யார் எடுப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கனடாவில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பார். மற்ற ஆறு இரவுகளும் டேட்டா யாருக்காகத் திறந்திருக்கிறது என்பது எங்கள் வீடுகளில் விளங்கப்படுத்த வேண்டிய விடயமல்ல.

சில அன்ட்ரொயிட் கைபேசிகளில் ஒரு செயலிக்கு மட்டும் டேட்டாவைத் தடுக்கலாம். செட்டிங்ஸில் டேட்டா பாவனைப் பகுதிக்குப் போய், அந்த விளையாட்டைத் தெரிவு செய்து நிறுத்த வேண்டும். புதிய அன்ட்ரொயிட்டில் கூகுள் பகுதியில் உள்ள விளம்பர அடையாளத்தையும் அழித்துவிடலாம். அதனால் விளம்பரம் நிற்காது, ஆனால் எங்களைப் பின்தொடர்வது குறையும்.

பெரியம்மாவின் கைபேசியில் அந்த வசதி இருந்தது. விளையாட்டுக்கு மட்டும் டேட்டாவை நிறுத்திக் கொடுத்தேன். அவர் முதலில் விளையாட்டைத் திறக்கவில்லை. வட்ஸ்அப்பில் எனக்கு ஒரு அழைப்பு எடுத்து, பக்கத்திலிருந்த என்னுடைய கைபேசி அடிக்கிறதா என்று பார்த்தார். அடித்தது. அதன் பிறகுதான் அடுத்த கோட்டைக் கீறினார்.